துயர் ஆற்றும் திருத்தொண்டு

திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள் அனைவரும் ஒரே மனநிலையில் வருவதில்லை. பிள்ளைக்குத் திருமணம் கூடிவந்த மகிழ்ச்சியில் அர்ச்சனைத் தட்டோடு வருவோர் உண்டு. தேர்வுக்கு முன்னர் நெய்விளக்கு ஏற்ற வரும் மாணவர் உண்டு. அவர்களுக்கு நடுவே, எதனையும் வேண்டாமல், ஒரு தூணருகே நெடுநேரம் அமர்ந்திருந்து, எவரிடமும் பேசாமல் எழுந்து செல்வோரும் உண்டு. அண்மையில் கணவரை இழந்தவர், மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தவர், பணி ஓய்வுக்குப் பின் பகற்பொழுதைக் கழிக்க இயலாமல் தவிப்பவர், மகளை மணம் முடித்து அனுப்பிவிட்டு வெறிச்சோடிய வீட்டிலிருந்து வருபவர் என அவர்களுள் பலர் இருக்கக்கூடும். இக்கட்டுரை அவர்களுக்காகவும், அவர்தம் அருகில் வாழும் நமக்காகவும் எழுதப்பெறுகிறது.

இழப்பு பலவகை

எருமப்பட்டியும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் கொல்லிமலையைக் கண்ணெதிரே கொண்ட வேளாண் ஊர்கள். சின்ன வெங்காயமும் மரவள்ளியும் நிலக்கடலையும் விளையும் மண் இது. கோழிப்பண்ணைகளும் லாரித் தொழிலும் ஆழ்துளைக் கிணறு அமைக்கும் ரிக் வண்டிகளும் இம்மாவட்டத்தின் பல்லாயிரம் குடும்பங்களை வாழவைக்கின்றன. இத்தகைய வாழ்வில் இழப்பு என்பது இறப்பு ஒன்றோடு முடிவதில்லை. கிணறு வற்றியதால் பாட்டன் காலத்துத் தோட்டத்தை விற்றவர் உண்டு. கன்றாக இருந்த நாள் முதல் வளர்த்த பசுவைச் சந்தையில் விற்றுவிட்டு, வழக்கப்படி கயிற்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவர் உண்டு. பல்லாண்டுகள் லாரி ஓட்டியபின் கண்பார்வை மங்கியதால் வண்டியை விட்டு இறங்கியவர் உண்டு. பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கச் சென்றபின், இருவர் உண்ணும் அளவுக்கு உலை வைக்கப் பழகவேண்டியிருக்கும் தாய்மார் உண்டு.

இறப்பு நேர்ந்த வீட்டுக்கு ஊரே திரண்டு வருகிறது. மேற்கூறிய இழப்புகளுக்கோ துக்கம் விசாரிக்க எவரும் வருவதில்லை. ‘மாடுதானே’, ‘வேலைதானே’, ‘பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று உலகம் ஒரு சொல்லில் கடந்துவிடும். ஆயினும் காலையில் கண்விழித்தவுடன் கையும் காலும் எதனைத் தேடிச் செல்கின்றனவோ, அது அங்கே இல்லாமற்போவது சிறிய துயரம் ஆகாது. கறவை இல்லாத தொழுவத்தின் முன்னே பால்செம்போடு நிற்பவருக்கே அதன் கனம் தெரியும்.

திருவள்ளுவர் இதனை நன்கு உணர்ந்தவர். அவர் ‘நிலையாமை’ என்னும் அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்தார். ‘இடுக்கண் அழியாமை’ என்னும் அதிகாரத்தையோ பொருட்பாலில், உலகில் நின்று கடமை ஆற்றுவோருக்கு உரிய பகுதியில் வைத்தார். நிலையாமையை அறிவது துறவியருக்கு உரிய ஞானம்; துன்பம் வந்தபோது உள்ளம் உடைந்துவிடாமல் அன்றாடக் கடமையைத் தொடர்வது இல்லத்தில் வாழும் நம் ஒவ்வொருவருக்கும் வேண்டிய பயிற்சி என்று இவ்வமைப்பைக் கொண்டு நாம் கொள்ளலாம். அப்பயிற்சியை வாழ்ந்து காட்டிய ஒரு பெண்மணியின் வரலாற்றை இனிக் காண்போம்.

திலகவதியார் வரலாறு

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில், திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு குடும்பத்தின் பேரிழப்புகள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. திருவாமூரில் புகழனார், மாதினியார் என்னும் பெற்றோருக்குத் திலகவதியார் மகளாகவும் மருள்நீக்கியார் மகனாகவும் பிறந்தனர். திலகவதியாரைப் படைத்தலைவராகிய கலிப்பகையாருக்கு மணம் பேசினர். மணநாளுக்கு முன்பே கலிப்பகையார் அரசன் ஆணையை ஏற்றுப் போர்க்களம் சென்றார். அவர் அங்கிருக்கும்போதே புகழனார் நோயுற்று மறைந்தார். மாதினியாரும் கணவரைத் தொடர்ந்து உயிர்நீத்தார். பெற்றோரை இழந்த துயரம் ஆறுமுன்னரே, கலிப்பகையார் போரில் பட்டார் என்னும் செய்தி வந்தது.

பெற்றோர் தம்மை அவருக்கே உரியவராக்கினர் என்பதனால், இனித் தாமும் வாழ்வதில்லை என்று திலகவதியார் துணிந்தார். அப்போது அவர்தம் தம்பி, சிறுவராகிய மருள்நீக்கியார், தமக்கையின் திருவடிகளில் விழுந்தார். தாயும் தந்தையும் மறைந்தபின் தமக்கையாரைக் கண்டே தாம் உயிர் தாங்கியிருப்பதாகவும், அவரும் தம்மைத் தனியே விட்டுச் செல்வாராயின் அவருக்கு முன்னே தாம் உயிர் விடுவதாகவும் கூறி அழுதார். தம்பி வாழவேண்டும் என்னும் அருள் திலகவதியாரைத் தடுத்தது. அவர் உயிரைத் தாங்கினார்.

இவ்விடத்தை நாம் சற்று நின்று எண்ணவேண்டும். மருள்நீக்கியார் தமக்கைக்குத் தத்துவம் எதுவும் உரைக்கவில்லை. ‘விதி’ என்றோ, ‘அழாதே’ என்றோ, ‘மறந்துவிடு’ என்றோ கூறவில்லை. ‘நீங்கள் எனக்கு வேண்டும்’ என்பதை மட்டும் உணர்த்தினார். துயரத்தின் எல்லையில் நிற்கும் ஓர் உயிரை இம்மண்ணில் நிறுத்தி வைத்தது அச்சொல்லே. அவ்வொரு சொல்லால் தமிழுலகம் திலகவதியாரையும் பெற்றது. பின்னாளில் அவர் வழியே ஏழாம் நூற்றாண்டின் பேரருளாளராகிய அப்பர் பெருமானையும் பெற்றது.

இழப்பு அத்துடன் நிற்கவில்லை. வளர்ந்த மருள்நீக்கியார் உலகின் நிலையாமையை எண்ணி, அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார்; சோலைகள் வளர்த்தார்; குளங்கள் தோண்டினார். பின்னர்ச் சமண சமயம் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு தமக்கையை விட்டு நீங்கினார். எவருக்காக உயிர் தாங்கினாரோ, அவரும் பிரிந்தார். உயிரோடு இருப்பவரைப் பிரிந்து வாழும் வருத்தத்தை இன்றைய பெற்றோர் பலர் அறிவர்.

தனித்து நின்ற திலகவதியார் கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். அங்கே ஒரு மடத்தில் தங்கினார். நாள்தோறும் பொழுது புலருமுன் எழுந்து, திருக்கோயிலை அலகிட்டார், சாணத்தால் மெழுகினார், மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்தினார். தம்பி மீளவேண்டும் என்று இறைவனிடம் முறையிட்டும் வந்தார். அவர் வேண்டுதல் ஒருபுறம் நடந்தது. கைகளின் பணி மறுபுறம் நடந்தது. பின்னாளில் சூலைநோயால் வருந்திய தம்பி நள்ளிருளில் அவரை நாடி வந்தபோது, திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் செல்லும் வலிமை அவருக்கு இருந்தது. தம் துயரத்தில் கரைந்து போயிருந்தால் அவ்வலிமை ஏது? அப்பர் பெருமான் முதுமை வரை திருக்கரத்தில் ஏந்திய உழவாரப்படை, தமக்கையின் கையிலிருந்த அலகின் தொடர்ச்சியே எனலாம்.

அழுகையும் பணியும்

துயரம் பற்றி இக்காலத்து உளவியல் அறிஞர் கண்டவையும் இவ்வரலாற்றோடு ஒத்துச் செல்கின்றன. 1969ஆம் ஆண்டில் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்னும் மனநல மருத்துவர், மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்னும் ஐந்து நிலைகளைக் கூறினார். அவர் ஆராய்ந்தது இறக்கும் தறுவாயிலிருந்த நோயாளர்களின் மனநிலையை. பின்னாளில் அது துயருறும் எல்லோருக்கும் உரிய படிவரிசை போலப் பரவிவிட்டது. மனிதர் எவரும் இவ்வைந்து படிகளையும் ஒழுங்காகக் கடப்பதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் தெளிவாக்கினர். ஆகவே, ‘மூன்று மாதம் ஆகியும் எனக்கு ஆறவில்லையே’ என்று எவரும் தம்மைக் குறைகூறிக்கொள்ள வேண்டுவதில்லை.

1999ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்களாகிய மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் ஆகியோர் மற்றொரு விளக்கம் அளித்தனர். துயருற்றவர் மனம் இரு கரைகளுக்கு இடையே சென்று சென்று மீளும் இயல்புடையது என்றனர். ஒரு கரையில் இழந்தவரை நினைத்தல், ஏங்குதல், அழுதல் ஆகியவை உள்ளன. மறுகரையில் சமைத்தல், வரவு செலவு பார்த்தல், புதிய பொறுப்பைக் கற்றல் ஆகியவை உள்ளன. ஒரு கரையிலேயே தங்கிவிடுவது நன்றன்று. எந்நேரமும் அழுதுகொண்டிருப்பவரும் தளர்வர். ஒரு துளியும் அழாமல் வேலையிலேயே மூழ்குபவரும் பின்னர்த் தளர்வர். இரண்டுக்கும் நாளில் இடம் அளிப்பவரே மெல்லத் தேறுவர்.

கணவரை இழந்த ஒருத்தி, மூன்றாம் வாரம் பேரக்குழந்தையின் குறும்பைக் கண்டு சிரித்துவிட்டு, உடனே ‘நான் சிரிக்கலாமா?’ என்று குற்றவுணர்வு கொள்வதுண்டு. அச்சிரிப்பு அன்பின் குறைவினால் வந்தது ஆகாது. மனம் மறுகரைக்குச் சென்று சற்று மூச்சு வாங்குகிறது. அவ்வாறே, தேறிவிட்டார் என்று பிறர் எண்ணிய ஒருவர், ஆறு திங்கள் கழித்துக் கோயில் திருவிழாவில் நாதசுர ஒலி கேட்டுத் திடீரென அழுதுவிடுவதும் உண்டு. சந்நிதியில் அழுவது பக்திக் குறைவும் ஆகாது. அடியார் பலர் இறைவன் முன் அழுது நின்றவரே.

முன்னோர் வகுத்த நாள்கள்

நம் முன்னோர் வகுத்த நீத்தார் கடன்களை நோக்கினால், இவ்விரு கரைகளுக்கும் அவர்கள் இடமளித்திருப்பது புலனாகும். இறப்பு நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உற்றாரும் அயலாரும் சமைத்துக் கொண்டுவந்து உண்ணச் செய்வர். பசி மறந்தவரைத் தனியே விடலாகாது என்பதே இதன் கருத்து. ஒப்பாரி வைத்து அழுவதற்கு ஊரே இடம் தந்தது. மறைந்தவரின் குணங்களை அந்த ஒப்பாரியில் பெயர் சொல்லி நினைத்தனர். பின்னர்க் கருமாதி முடித்து, உறவினர் கூடி, வீட்டாரை மீண்டும் தொழிலுக்கும் தோட்டத்துக்கும் அனுப்பினர். அழுகைக்கு ஒரு காலம், எழுந்து நடப்பதற்கு ஒரு காலம் என்பதை ஊரே கூடி நின்று உணர்த்தியது.

அதன்பின்னும் நினைவுக்கு இடம் அளித்தனர். ஆண்டுதோறும் திதி கொடுத்தனர். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் நம் பகுதி மக்கள் மோகனூர்க் காவிரிக் கரைக்கும் பவானிக் கூடுதுறைக்கும் சென்று எள்ளும் நீரும் இறைக்கின்றனர். மறைந்தவரை மறந்துவிடுமாறு நம் மரபு எங்கும் கூறவில்லை. ‘ஆண்டில் இன்ன நாளில் அவரை நினை, அவர் பெயரால் ஒருவருக்கு உணவளி’ என்றே கூறுகிறது. நினைவுக்குக் குறித்த நாள் இருப்பதனால், ஏனைய நாள்களில் மனம் தன் வேலையைப் பார்க்க முடிகிறது.

மோகனூரில் எழுந்தருளியுள்ள ஈசனுக்கு அசலதீபேசுவரர் என்பது திருநாமம். அசையாத தீபத்தின் பெயரால் அமைந்த திருநாமம் அது. காவிரிக் கரையில் காற்று வீசாத நாள் இல்லை. காற்று வீசும் இடத்திலேயே அசையாச் சுடரை நம் முன்னோர் வழிபட்டனர். துயரமே வராத வாழ்வை வேண்டுவதைவிட, துயரக் காற்றிலும் அணையாத உள்ளத்தை வேண்டுவது சிறப்பு என்பதை அத்திருநாமம் நமக்கு நினைவூட்டுகிறது.

அண்மைக் காலச் சான்று ஒன்று

நாயன்மார் காலத்தில் நிகழ்ந்தது நமக்கு இயலுமா என்று சிலர் ஐயுறலாம். அவர்களுக்கு நம் நாமக்கல்லோடு தொடர்புடைய ஒரு பெண்மணியின் வாழ்வைக் காட்டலாம். கணித மேதை சீனிவாச இராமானுசன் குடும்பத்தார் நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகப் போற்றியவர் என்பதைப் பலர் அறிவர். அவர்தம் மனைவியார் ஜானகி அம்மாளைப் பற்றி அறிந்தவர் சிலரே.

குளித்தலைப் பகுதியிலுள்ள ராஜேந்திரம் என்னும் ஊரில் 1899ஆம் ஆண்டு பிறந்த அவர், அக்கால வழக்கப்படி 1909ஆம் ஆண்டு, பத்து வயதில் மணம் முடிக்கப்பெற்றார். 1914ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கணவர் கடல் கடந்து இங்கிலாந்து சென்றார். ஐந்து ஆண்டுகள் பிரிவு. 1919இல் உடல்நலம் குன்றித் திரும்பிய கணவருக்கு ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அருகிலிருந்து பணிவிடை செய்தார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில் இராமானுசன் மறைந்தார். அப்போது ஜானகி அம்மாளுக்கு 21 வயது. பிள்ளைகள் இல்லை. கைம்பெண்களை வீட்டின் இருட்டறையில் ஒதுக்கிவைத்த காலம் அது.

அவர் பம்பாயில் சில ஆண்டுகள் உடன்பிறந்தாரோடு இருந்து தையற்கலையைக் கற்றார். பின்னர்ச் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த சிறு ஓய்வூதியத்தோடு தம் தையல் உழைப்பையும் சேர்த்துத் தற்சார்பாக வாழ்ந்தார். 1950ஆம் ஆண்டில் அவர்தம் தோழி ஒருவர் மறைந்தபோது, தாயற்று நின்ற அச்சிறுவனைத் தம் மகனாக ஏற்று வளர்த்துப் படிக்கவைத்தார். கணவரின் நினைவையும் அவர் கைவிடவில்லை. அவருக்குச் சிலை அமைக்கப்படாத குறையை முதுமையில் வெளிப்படுத்தினார். அதனை அறிந்த பலநாட்டுக் கணித அறிஞர்கள் பொருள் திரட்டி, 1980களில் மார்பளவு வெண்கலச் சிலை ஒன்றைச் செய்வித்து அவருக்கு அளித்தனர். 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், கணவர் மறைந்து ஏறத்தாழ 74 ஆண்டுகளுக்குப் பின், அவர் இயற்கை எய்தினார்.

திலகவதியார் கையில் அலகு. ஜானகி அம்மாள் கையில் ஊசி. அவருக்குத் தம்பி, இவருக்குத் தோழியின் மகன். இருவரும் இழந்தவரை மறக்கவில்லை. அவர்மீது செலுத்திய அன்பு போக்கிடம் இல்லாமல் தேங்கிவிடாதபடி, அதற்கு வேறொரு வாய்க்கால் வெட்டினர். கைக்கு ஒரு பணியும், அன்புக்கு ஓர் உயிரும் கிடைத்தால் துயரம் தாங்கத்தக்கதாகிறது என்பதே இவ்விரு வாழ்வுகளும் உரைக்கும் பொருள்.

நாம் செய்யத்தக்கவை

துயருற்றவர் நாளில் ஒரு சிறு பணியையேனும் குறித்த நேரத்தில் செய்து வருதல் நலம். அது வாசலில் கோலம் இடுவதாகவோ, துளசிக்கு நீர் வார்ப்பதாகவோ, திருக்கோயில் உழவாரப் பணியில் கலந்துகொள்வதாகவோ இருக்கலாம். பணி சிறிதாயினும் நேரம் தவறாமை வேண்டும்.

துக்கம் விசாரிக்கச் செல்வோர் காரணங்களை அடுக்குதல் வேண்டா. ‘வேறு மருத்துவமனைக்குப் போயிருக்கலாமே’ என்பது போன்ற சொல் ஆண்டுக்கணக்கில் முள்ளாகத் தைக்கும். அருகில் அமர்ந்திருத்தலும், மறைந்தவரின் நற்செயல் ஒன்றை நினைவு கூர்தலும் போதும். முதல் பதினாறு நாள்களைக் காட்டிலும், கூட்டம் கலைந்தபின் வரும் இரண்டாம், மூன்றாம் திங்களில் சென்று பார்ப்பது பேருதவியாகும்.

குழந்தைகளிடம் உண்மையை மறைத்தல் தகாது. ‘அப்பா லோடு ஏற்றப் போயிருக்கிறார்’ என்று சொல்லப்பெற்ற குழந்தை, ஒவ்வொரு வண்டி ஒலிக்கும் வாசலுக்கு ஓடும். எளிய சொற்களில் உண்மையைக் கூறி, அது அழும்போது உடனிருத்தலே நெறி. மருள்நீக்கியாரும் சிறுவராக இருந்தே எல்லாவற்றையும் கண்டவர்.

கணவரை இழந்த பெண்டிரை மங்கல நிகழ்ச்சிகளினின்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் ஆங்காங்கே இன்னும் உள்ளது. துணையை இழந்தவரிடமிருந்து ஊரையும் பறிப்பது அது. மகளின் திருமணத்தில் முதல் வாழ்த்துக்கு உரியவர் அவளைப் பெற்றவளே. திலகவதியாரைப் போற்றும் சமயம் இவ்வழக்கத்தைப் போற்றலாகாது.

மருத்துவ உதவி வேண்டும் நேரம்

பெரும்பாலோர்க்குக் காலமும் சுற்றமும் கடமையும் துயரைத் தணித்துவிடும். சிலருக்கு அவ்வாறு ஆவதில்லை. 2022ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ள உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், நீடித்த துயர நோய் என்பதும் இடம்பெற்றுள்ளது. ஆறு திங்களுக்கு மேலாகியும், அவரவர் சமூக வழக்கத்தின் அளவைக் கடந்து, அன்றாட வாழ்வையே முடக்கும் துயரத்தை அது குறிக்கிறது. உறக்கமும் உணவும் நெடுநாள் இல்லாமற்போனாலும், துயரை மறக்க மதுவை நாடினாலும், மருத்துவரைக் காண்பதே முறை. காய்ச்சலுக்கு மருந்து உண்பது இறைவன்மீது நம்பிக்கைக் குறைவு ஆகாததுபோல், இதுவும் ஆகாது.

வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஒருவருக்கு எழுமாயின் ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் நடுவண் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 என்னும் எண்ணும் உண்டு. வீட்டில் ஒருவர் அவ்வாறு பேசக் கேட்டால், ‘விளையாட்டுப் பேச்சு’ என்று தள்ளிவிடாமல் அருகில் அமருங்கள். மருள்நீக்கியார் தமக்கைக்கு உணர்த்தியதை நீங்களும் உணர்த்துங்கள்: ‘நீங்கள் எங்களுக்கு வேண்டும்.’

அன்பர்களே! அடுத்த முறை திருக்கோயிலுக்கு வரும்போது, தூணருகே தனித்து அமர்ந்திருப்பவர் எவரேனும் உங்கள் கண்ணில் படலாம். அவரைக் கடந்து செல்லாமல், பிரசாதத்தில் ஒரு பங்கை அவர் கையில் கொடுத்து, ஊரும் பேரும் கேட்டுச் சற்று உடன் அமருங்கள். அதுவும் திருத்தொண்டே. துயருற்ற உள்ளங்கள் அனைத்திலும் அசையாச் சுடர் நின்று ஒளிர எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக.